தி லர்க்கிங் ஹாரர் (கணினி விளையாட்டு): ஒரு திறனாய்வு

தி லர்க்கிங் ஹாரர் என்பது 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட திகில் வகைக் கணினி விளையாட்டு ஆகும். 'பதுங்கியிருக்கும் திகில்' என்று இதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இதில் படம் எதுவும் கிடையாது. திரையில் எழுத்து மட்டுமே வரும். ஆடுபவரும் தாம் செய்ய நினைப்பதை எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஆப்பிள் 2, கொமடோர் 64, அட்டாரி, ஐ.பி.எம். பி.சி., மெக்கின்டாஷ், அமிகா முதலிய அக்கால வீட்டுக் கணினிகளுக்கு இது விற்பனைக்கு வந்தது. இன்ஃபோகாம் வெளியிட்ட முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்து விளையாட்டுகளில் 'திகில்' என்ற வகைப்பெயருடன் வந்தது இது ஒன்றுதான்.

வெறும் எழுத்தைக் கொண்டு ஒருவரை அச்சுறுத்த முடியுமா என்ற கேள்விக்கு நல்ல கதைகள் எப்போதோ விடை சொல்லிவிட்டன. இந்த விளையாட்டு எழுப்பும் கேள்வி வேறு. அச்சம் என்பது கையாலாகாத நிலையில் பிறப்பது. விளையாட்டு என்பது முயன்றால் வெல்லலாம் என்ற நம்பிக்கையில் நடப்பது. இந்த இரண்டும் ஒரே வட்டில் அடங்குமா? இக்கட்டுரை அக்கேள்வியை முன்வைத்து இந்த ஆக்கத்தின் நிறைகுறைகளை ஆராய்கிறது. கதையின் முற்பகுதி இங்கே சொல்லப்படுகிறது. முடிவு சொல்லப்படவில்லை. எனவே இனி ஆடிப் பார்க்க விரும்புவோரும் தயங்காமல் படிக்கலாம்.

ஆக்கியவரும் நிறுவனமும்

இதை எழுதியவர் டேவ் லெப்லிங். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) படித்தவர். 1977-இல் அக்கழகத்தின் பெரிய கணினி ஒன்றில் 'ஸோர்க்' என்ற சாகச விளையாட்டை உருவாக்கிய நால்வரில் ஒருவர். மற்ற மூவர் மார்க் பிளாங்க், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ். அங்குப் பணியாற்றியவர்கள் சேர்ந்து 1979-இல் தொடங்கியதே இன்ஃபோகாம். ஸோர்க் மூன்று பாகங்களாகப் பிரிக்கப்பட்டு வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. பிறகு லெப்லிங் 'ஸ்டார்கிராஸ்' (1982), 'சஸ்பெக்ட்' (1984), 'ஸ்பெல்பிரேக்கர்' (1985) ஆகியவற்றை எழுதினார். அவற்றில் முதலாவது அறிவியல் புனைவு, இரண்டாவது துப்பறியும் கதை, மூன்றாவது மந்திரக் கதை. திகிலுக்கு அவர் வந்தது இவற்றுக்குப் பிறகே.

1986-இல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் நிறுவனம் வாங்கியது. 1989-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த அதன் அலுவலகம் மூடப்பட்டது. ஆகவே தி லர்க்கிங் ஹாரர் அந்நிறுவனத்தின் பிற்காலப் படைப்புகளில் ஒன்று. படங்களும் வண்ணங்களும் கணினித் திரையைக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலத்தில் எழுத்தை மட்டும் நம்பி வந்த விளையாட்டு இது. இந்தப் பின்னணி மனத்தில் இருந்தால் இதன் துணிவு விளங்கும்.

களம்

கதை நடக்கும் இடம் ஜி.யு.இ. டெக் என்ற கற்பனைத் தொழில்நுட்பக் கல்லூரி. ஜார்ஜ் அண்டர்வுட் எட்வர்ட்ஸ் என்பவர் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்பட்டாலும், அம்மூன்று எழுத்துகளும் ஸோர்க் கதையில் வரும் 'மாபெரும் நிலத்தடிப் பேரரசின்' முதலெழுத்துகள்தாம். பழைய விளையாட்டை ஆடியவர்களுக்கு மட்டும் புரியும் குறும்பு இது.

கல்லூரி கற்பனை. கட்டடங்களோ பெரும்பாலும் எம்.ஐ.டி.யைப் பார்த்து எழுதியவை. அங்கே கட்டடங்களை இணைத்துக்கொண்டு ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்கு ஓடும் நடைக்கூடம் உண்டு. அதை 'முடிவிலா நடைக்கூடம்' என்றே அழைப்பார்கள். அந்தப் பெயருடனேயே அது விளையாட்டில் வருகிறது. பெரிய குவிமாடம் வருகிறது. அங்குள்ள உயரமான பச்சைக் கட்டடம் (கிரீன் பில்டிங்) இங்கே பழுப்புக் கட்டடம் ஆகிறது. நிலத்தடியில் நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்க வழிகள் வருகின்றன. பூட்டிய கதவுகளைத் தாண்டிக் கூரை மீதும் சுரங்கத்திலும் இரவில் சுற்றுவது எம்.ஐ.டி. மாணவர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். லெப்லிங் அந்த வழக்கத்தையே கதையின் நடையாக மாற்றிக்கொண்டார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பேய்மாளிகையையோ பாழடைந்த கோட்டையையோ அவர் தேடிப் போகவில்லை. தாம் படித்த இடத்தை, விளக்கணைந்த பின் அது எப்படி இருக்கும் என்று மட்டும் மாற்றி எழுதினார். தெரிந்த இடம் அன்னியமாகும்போது வரும் நடுக்கம் தெரியாத இடம் தரும் நடுக்கத்தைவிட ஆழமானது. பள்ளியை விடுமுறை நாளில் தனியாகத் திறந்து உள்ளே நடந்திருப்பவர்களுக்கு இது தெரியும். மணியடித்தால் நூறு பிள்ளைகள் ஓடும் தாழ்வாரம் அன்று வேறொன்றாக நிற்கும்.

கதைப்போக்கு

குளிர்காலம். பனிப்புயல் வீசுகிறது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய இருபது பக்கக் கட்டுரையை எழுதி முடிக்க ஒரு மாணவர் கல்லூரியின் கணினி மையத்துக்கு வருகிறார். அந்த மாணவர் வேறு யாருமில்லை, ஆடும் நாம்தான். கணினியில் நம் கோப்பைத் திறந்தால் நாம் எழுதிய கட்டுரை இல்லை. ரசவாதத் துறைக்குச் சொந்தமான ஏதோ ஒன்று அதில் கலந்து கிடக்கிறது. மேலும் படிக்கப் படிக்க, படிப்பது கனவா நனவா என்று தெரியாத ஓரிடத்துக்குப் போய்விடுகிறோம். அங்கே ஒரு கூட்டம், ஒரு பெருவடிவம், ஒரு வழவழப்பான கல். விழித்தால் கணினி முன்னால் இருக்கிறோம். கல் மட்டும் கையில் இருக்கிறது.

அருகில் இரவு பகல் பாராமல் கணினியோடு குடியிருக்கும் ஒருவர் இருக்கிறார். ஆட்டம் அவரை 'ஹேக்கர்' என்றே குறிப்பிடுகிறது. இன்றைய குற்றவாளிப் பொருளில் இல்லை, கணினியில் ஊறியவர் என்ற பழைய பொருளில். கோப்பு எங்கே போய்க் கலந்தது என்று அவர் கண்டுபிடித்துச் சொல்கிறார். அவருக்குப் பசி. குளிர்பெட்டியில் இருக்கும் சீன உணவைச் சூடாக்கிக் கொடுத்தால் பல கதவுகளைத் திறக்கும் சாவி கிடைக்கும். பிறகு நடைக்கூடம், கூரை, ஆய்வுக்கூடம், சுரங்கம் என்று கதை கீழே கீழே இறங்குகிறது. தரைக்கு மெழுகு பூசும் இயந்திரத்தோடு வழிமறிக்கும் பராமரிப்புப் பணியாளர், ஆய்வுக்கூடத்தில் மந்திர வட்டத்தோடு காத்திருக்கும் ரசவாதப் பேராசிரியர், நீராவிச் சுரங்கத்தின் எலிக்கூட்டம் ஆகியோர் வழியில் வருகின்றனர். துண்டான மனிதக் கை ஒன்றும் தேவைப்படுகிறது.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் (1890–1937) நிழல் இக்கதை முழுவதும் விழுகிறது. அவர் கதைகளில் மிஸ்கடோனிக் பல்கலைக்கழகம் என்ற கற்பனைக் கல்விக்கூடம் வரும். அதுவும் மாசசூசெட்ஸில்தான் இருப்பதாகச் சொல்லப்படும். படிக்கக்கூடாத நூலைப் படித்தவர் அறியக்கூடாததை அறிந்து கெடுவது அவருடைய கதைகளின் பொதுப்போக்கு. லெப்லிங் அந்த நூலின் இடத்தில் கணினிக் கோப்பை வைத்தார். 1987-இல் இது புதுமையான யோசனை. கல்லூரிக் கட்டடங்களைப் பிணைக்கும் கணினிக் கம்பி வலையும் பின்னர்க் கதையில் முக்கிய இடம் பெறுகிறது. வலைப்பின்னல் என்பது பொதுமக்கள் அறியாத சொல்லாக இருந்த காலத்தில், அதன் மறுமுனையில் யார் இருக்கிறார் என்ற அச்சத்தை இந்த விளையாட்டு கேட்டுவிட்டது.

முன்னிலையும் ஏவலும்

பாத்திரமேற்பு விளையாட்டு என்றால் அக்காலத்தில் பலருக்கும் நினைவுக்கு வருபவை 1981-இல் வந்த 'விஸார்ட்ரி', 'அல்டிமா' போன்றவை. வலிமை இத்தனை, அறிவு இத்தனை என்று எண்களால் ஒரு வீரனை ஆக்கி, அவனை வளர்த்துக்கொண்டு போவது அவற்றின் முறை. தி லர்க்கிங் ஹாரரில் அந்த எண்கள் இல்லை. ஆகவே சாகச விளையாட்டு என்ற வகையிலேயே இதைச் சேர்ப்பார்கள். ஆயினும் ஒரு பாத்திரத்தை ஏற்பது என்ற பொருளில் பார்த்தால் இது அவற்றுக்குக் குறைந்தது அன்று. அதற்குக் காரணம் இதன் இலக்கணம்.

பொதுவாகக் கதைகள் படர்க்கையில் சொல்லப்படும். சில தன்மையில் சொல்லப்படும். முன்னிலையில் சொல்லப்படும் கதை அரிது. இந்த விளையாட்டு முழுவதும் முன்னிலையில் நடக்கிறது. நீ நிற்கிறாய், நீ கேட்கிறாய், உன் கையில் இருக்கிறது என்றே கணினி சொல்கிறது. ஆடுபவர் தரும் பதிலோ ஏவல் வினையில் அமைகிறது. போ, எடு, திற, படி. யாரை ஏவுகிறார்? தம்மைத்தாமே. இருட்டான படிக்கட்டின் முன்னால் நின்று 'இறங்கு' என்று தட்டச்சு செய்வதற்கு ஒரு கணம் கை தயங்குகிறது. திரைப்படத்தில் கதாநாயகி படியிறங்கும்போது வேண்டாம் என்று மனத்துக்குள் கத்துவோம், அவள் கேட்கமாட்டாள். இங்கே இறங்குபவரும் நாம், இறங்கச் சொல்பவரும் நாம். பின்னால் விளைவதற்குப் பழி சுமத்த வேறு ஆள் இல்லை.

அந்த மாணவருக்குப் பெயரோ முகமோ தரப்படவில்லை. தரப்பட்டிருப்பது ஒரு கடமை, ஒரு கெடு, களைப்பு, குளிர். வெளியே நெடுநேரம் நின்றால் விறைத்துச் சாவோம். இரவு ஏற ஏறத் தூக்கம் கண்ணைச் சுற்றும். குளிர்பானம் குடித்துத் தூக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவை அறிந்த எவரும் இந்த உடம்புக்குள் எளிதாகப் புகுந்துகொள்வார்கள். எண்கள் இல்லாமலேயே பாத்திரம் பொருந்திவிடுகிறது.

அச்சத்தின் நான்கு ஊற்றுகள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவை அவை. அணங்கு என்பது மனித அறிவுக்கு அப்பாற்பட்டு வருத்தும் சக்தி. இறை என்பதை நம்மேல் அதிகாரம் உடையவர் என்று விரித்துக் கொள்ளலாம். அமெரிக்க விளையாட்டு ஒன்றுக்கும் தொல்காப்பியத்துக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனால் அளவுகோல் நல்லதாக இருந்தால் எதையும் அளக்கலாம்.

விலங்கு இங்கே எலிக்கூட்டமாக வருகிறது. இது எளிய அச்சம். விரைவில் தீர்ந்துவிடுகிறது.

கள்வர் என்ற இடத்தில் வருபவர்கள் கல்லூரிக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததைச் சுருட்டும் தெருப் பிள்ளைகள். இந்தப் பகுதி மனத்துக்கு ஒப்பவில்லை. மதிலுக்கு உள்ளே இருக்கும் மாணவருக்கு மதிலுக்கு வெளியே வாழும் ஏழைப் பிள்ளைகள் ஒரு தொல்லையாகவே தெரிகிறார்கள். அவர்கள் ஏன் அந்தப் பனியிரவில் அங்கே இருக்கிறார்கள் என்று ஆட்டம் நின்று கேட்பதில்லை. லவ்கிராஃப்டின் கதைகளில் அயலார் மீதும் எளியவர் மீதும் உள்ள வெறுப்பு பலராலும் கண்டிக்கப்பட்ட ஒன்று. லெப்லிங்கிடம் அந்த வெறுப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கடன் வாங்கிய கதைமரபோடு அதன் பார்வையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இளம் வாசகர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இறை என்ற இடத்தில் ஆக்கம் மிக வலுவாக நிற்கிறது. தொடக்கத்தில் வரும் அச்சமே அதிகாரத்தைப் பற்றியது. விடிந்தால் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். அதை நம்பவைத்த பிறகே மற்ற அச்சங்கள் வருகின்றன. ரசவாதப் பேராசிரியர் இதன் உச்சம். உதவி கேட்பதுபோல் பேசி, தம்மிடம் வந்த மாணவரையே வட்டத்துக்குள் நிறுத்துகிறார். சாகசக் கதையில் வரும் வில்லன் என்று இவரைத் தள்ளிவிடலாம். ஆனால் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும் என்று பழக்கப்பட்ட மாணவருக்கு, ஆசிரியர் சொன்ன இடமே பலிபீடமாக இருந்தால் என்ன செய்வது? நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஆட்டத்தில் என்னை அசைத்த இடம் இதுதான். மாணவரின் நம்பிக்கை ஆசிரியருக்குக் கிடைக்கும் அதிகாரங்களுள் மிகப் பெரியது. அதை ஒருவர் தம் ஆராய்ச்சிக்கோ பெருமைக்கோ விறகாக்கினால் விளைவது அணங்கைவிடக் கொடியது.

அணங்கு கடைசியில் வருகிறது. அடித்தளத்தில் இருப்பது என்ன என்பதை ஆட்டம் நெடுநேரம் காட்டாமல் வைத்திருக்கிறது. காட்டாத வரையில் அது பெரிதாக இருக்கிறது.

சொல்லும் இருளும்

அக்காலக் கணினியின் வசதிக்குறைவை அறிந்தால்தான் இதன் நடையை மதிப்பிட முடியும். கொமடோர் 64 கணினியின் நினைவகம் 64 கிலோபைட். இன்ஃபோகாம் தன் கதைகளை எல்லா வகைக் கணினிகளிலும் ஓடவைக்க 'ஸெட் மெஷின்' என்ற கற்பனைக் கணினியை வடிவமைத்தது. கதை அந்தக் கற்பனைக் கணினிக்கு எழுதப்படும். ஒவ்வொரு உண்மைக் கணினிக்கும் அதைப் போலச் செய்யும் ஒரு சிறு நிரல் இருக்கும். தேவையான பகுதி மட்டும் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து போகும். தி லர்க்கிங் ஹாரர் பயன்படுத்திய வடிவத்தில் ஒரு கதைக் கோப்பு 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. இதனால் மூன்று எழுத்துகளை இரண்டு பைட்டுக்குள் அடைக்கும் சுருக்கமுறை கையாளப்பட்டது. ஆடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லில் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே கணினி பார்க்கும்.

இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு கல்லூரி, அதன் கதவுகள், பொருள்கள், மனிதர்கள், அவர்கள் பேச்சு, நம் தவறுகளுக்கான பதில்கள் எல்லாம் அடங்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் சில வாக்கியங்களே கிடைக்கும். வருணனையை நீட்ட முடியாது. லெப்லிங்கின் நடை இதற்குப் பொருந்துகிறது. அவர் பயங்கரமானது, கொடூரமானது என்று அடைமொழிகளை அடுக்குவதைப் பெரும்பாலும் தவிர்க்கிறார். ஓர் ஒலி, ஒரு வாடை, ஈரம், தொலைவில் அசைவு என்று புலன்களில் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. அரள வைப்பது வரை எழுத்தின் வேலை. பேயை நாமே வரைந்துகொள்கிறோம்.

அமிகா கணினிக்கான பதிப்பில் பதிவுசெய்த ஒலிகள் சேர்க்கப்பட்டன. இன்ஃபோகாம் விளையாட்டுகளில் ஒலி வந்தது இதில்தான் முதன்முறை. எலியின் கீச்சொலி முதலியவை திடுக்கிட வைக்கும். ஆனால் திடுக்கிடுவதும் அஞ்சுவதும் ஒன்றல்ல. ஒலி இல்லாத பதிப்பே கதைக்கு உண்மையாக இருக்கிறது என்பது என் மதிப்பீடு.

பெட்டியோடு சில பொருள்களும் வந்தன. புதிய மாணவர்களுக்கான கல்லூரிக் கையேடு, மாணவர் அடையாள அட்டை, ரப்பரில் செய்த ஒரு பூச்சி போன்ற உயிர் ஆகியவை. கதையில் கணினிக்குள் நுழைய அந்த அட்டையில் உள்ள தகவல் தேவை. களவாகப் படியெடுத்தவர் கதைக்குள் நுழைய முடியாது. வணிகப் பாதுகாப்பையே கதையின் உறுப்பாக மாற்றிய சாமர்த்தியம் இது. உங்கள் பெயரில் அட்டை இருக்கிறது என்றதுமே நீங்கள் அக்கல்லூரியின் மாணவர் ஆகிவிடுகிறீர்கள்.

குறைகள்

முதல் குறை, புதிர் அச்சத்தைத் தின்கிறது. ஓர் உயிர் நம்மை நோக்கி வரும்போது முதல்முறை நெஞ்சு படபடக்கும். சாகிறோம். சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறோம். இரண்டாம் முறை வேறு பொருளை நீட்டிப் பார்க்கிறோம். ஐந்தாம் முறை அந்த உயிர் நமக்குப் பேயாகத் தெரிவதில்லை. தீராத கணக்காகத் தெரிகிறது. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரே பத்தியை ஐந்து முறை படித்தால் அச்சம் வடிந்துவிடும்.

இரண்டாவது, தவறான வழியில் ஒன்றைச் செலவழித்துவிட்டால் பிறகு வெல்லவே முடியாத நிலை வரக்கூடும். அதை ஆட்டம் சொல்லாது. அக்கால விளையாட்டுகளில் இது பரவலாக இருந்த வழக்கம். திகில் கதைக்கு இது நன்மை என்று வாதிடலாம், மீளமுடியாத பிழை அச்சத்தின் இயல்பு அல்லவா என்று. ஆனால் பிழை செய்தோம் என்று தெரிந்தால்தான் அச்சம் வரும். தெரியாவிட்டால் சலிப்புதான் வரும்.

மூன்றாவது, திரையின் மேல்வரி. அதில் நாம் இருக்கும் இடமும், பெற்ற மதிப்பெண்ணும், எடுத்த நகர்வுகளின் எண்ணிக்கையும் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு பயங்கரத்திலிருந்து தப்பினால் மதிப்பெண் ஏறும். சரியான விடைக்கு மதிப்பெண் என்னும் பள்ளிக்கூடப் பழக்கம் பாதாளம் வரை வந்துவிடுகிறது. இந்தக் கதைக்கு அந்த வரி வேண்டியதில்லை.

நான்காவது, நகைச்சுவை. ஹேக்கரின் பேச்சும் கல்லூரி வாழ்வைப் பற்றிய கிண்டலும் முற்பகுதியில் நன்றாகப் பொருந்துகின்றன. சிரிப்பு இருந்தால்தான் அது நின்றதும் அமைதி கனக்கும். கீழே இறங்கிய பிறகும் அந்தக் குறும்பு சில இடங்களில் தலைகாட்டுவது பதற்றத்தைத் தளர்த்துகிறது. இருபது பக்கக் கட்டுரையின் கெடுவும் ஆட்டத்தின் நடுவில் பின்னுக்குப் போய்விடுகிறது. அவ்வளவு நன்றாகக் கட்டிய முதல் அச்சத்தைக் கடைசிவரை கூட்டிச் சென்றிருக்கலாம்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. லவ்கிராஃப்டின் கதைமாந்தர்கள் தோற்பதற்காகவே படைக்கப்பட்டவர்கள். அறிவு கூடக்கூட அவர்கள் நிலை மோசமாகும். சாகச விளையாட்டில் அறிவு கூடக்கூட நிலை நன்றாகும். லெப்லிங் முதல் விதியைக் கதையிலும் இரண்டாம் விதியை ஆட்டத்திலும் வைத்தார். இரண்டும் உரசுகின்றன. இதே சிக்கலை 1981-இலேயே வேறொருவர் எதிர்கொண்டிருந்தார். சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' என்ற மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் மனத்தெளிவுக்கென ஓர் எண் உண்டு. பயங்கரத்தைக் காணும்போதும் தடைசெய்யப்பட்ட நூல்களைக் கற்கும்போதும் அது குறையும். அறிவுக்கு விலை உண்டு என்ற கருத்தை அந்த விளையாட்டு விதியாகவே எழுதிவிட்டது. தி லர்க்கிங் ஹாரர் அந்த விதியை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் எத்தனை பயங்கரங்களைக் கண்டாலும் நம் மாணவரின் அறிவு கலங்குவதில்லை. அடுத்த பொருளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

பின்வந்தவை

1992-இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்' லவ்கிராஃப்டின் உலகைப் படங்களோடு திரைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு திகில் விளையாட்டு என்றாலே கண்ணால் காண்பது என்று ஆகிவிட்டது. ஆனால் எழுத்து மரபு அற்றுப்போகவில்லை. 1998-இல் மைக்கேல் ஜென்ட்ரி எழுதிய 'ஆங்கர்ஹெட்' அதே மாசசூசெட்ஸ் மண்ணில் ஒரு கற்பனைக் கடலோர ஊரைக் களமாகக் கொண்டது. அதில் வேகம் குறைவு, புதிருக்கு முன்னால் ஊரைப் பழகவிடுகிறார்கள், தெரிந்தவர் ஒருவர் மெல்ல மாறுவதைப் பார்க்கவைக்கிறார்கள். தி லர்க்கிங் ஹாரர் திறந்த கதவின் வழியே அது இன்னும் உள்ளே போயிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடுவது மாணவர்களுக்கு நல்ல ஒப்பீட்டுப் பயிற்சி.

இன்ஃபோகாம் விளையாட்டுகளின் மூலநிரல்கள் 2019-இல் இணையத்தில் பொதுப்பார்வைக்கு வந்தன. ஸெட் மெஷினைப் போலச் செய்யும் நிரல்கள் இன்றைய கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் கிடைக்கின்றன. படங்களை நம்பியிருந்த பழைய விளையாட்டுகள் பல இன்று கண்ணுக்குப் பழையனவாகத் தெரிகின்றன. எழுத்துக்கு அந்தக் கேடு இல்லை. 1987-இல் தெரிந்த சுரங்கம் இன்றும் அதே அளவு இருட்டாக இருக்கிறது.

மதிப்பீடு

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அச்சமும் விளையாட்டும் ஒரே வட்டில் முழுமையாக அடங்கவில்லை. புதிரில் மாட்டிக்கொண்ட நேரங்களில் இது விளையாட்டு மட்டுமே. ஆனால் ஓர் அறைக்குள் முதன்முறை நுழையும்போதெல்லாம் இது அசல் திகில் கதையாக இருக்கிறது. எனவே ஆடுபவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு புதிரில் மூன்று முறை தோற்றால் தயங்காமல் குறிப்பைப் பார்த்துவிட்டு முன்னே செல்லுங்கள். இதில் வெற்றி என்பது புதிரை அவிழ்ப்பதில் இல்லை, அந்த இரவை முதல்முறை நடப்பதுபோல் நடந்து முடிப்பதில் இருக்கிறது. ஆங்கிலம் பயில்வோர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம். ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டால் கதவு திறக்காது என்னும்போது அச்சொல் மறக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கல்விக்கூடம் தன் மாணவரை விழுங்கக்கூடும் என்ற அச்சத்தை இவ்வளவு நேராகச் சொன்ன கணினி விளையாட்டு அந்தக் காலத்தில் அரிது. கெடு, களைப்பு, தூக்கமின்மை, கேள்வி கேட்கக்கூடாத ஆசிரியர், உதவிக்கு ஆளில்லாத நள்ளிரவு ஆகியவை எந்தப் பேயும் இல்லாமலே ஒரு மாணவரை நொறுக்கப் போதுமானவை. லெப்லிங் அவற்றுக்குக் கீழே ஒரு சுரங்கம் தோண்டி அதில் ஒரு பூதத்தை வைத்தார். பூதத்தை மறந்துவிடலாம். அதற்கு மேலே இருக்கும் கட்டடத்தை, அதை நடத்துபவர்களும் அதில் படிப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வட்டத்துக்குள் வந்து நில் என்று ஒருவர் சொல்லும்போது, எதற்காக என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. இந்த விளையாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் பிழைப்பதில்லை.